தினமும் தண்ணீர் கேட்கும் கரும்பு

1

என் தம்பி தணிகைவேல் ஒரு வருடமாக என்னோடு பேசவில்லை. போன மாதம் ஒரு மத்தியானம் அவனே போன் செய்தான். சமாதானம் பேச இல்லை. வளர்த்த கரும்பு செத்துப்போச்சு என்று திட்டுவதற்கு.

அந்தக் கரும்பு கழனியில் இல்லை, போனுக்குள் இருந்தது. வளர்த்தவன் அவன். அது சாகும்படி எழுதியவள் நான்.

ஊரில் இருக்கிறவர்கள் படிக்க எழுதுகிறேன், அதனால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். அழகாகச் சொல்ல எனக்கு வராது. என் பெயர் வள்ளி. திருவாலங்காட்டுப் பக்கம் பிறந்தேன், திருத்தணியில் படித்தேன், மணவூரில் ரயில் பிடித்து சென்னைக்கு வேலைக்குப் போய்வந்தேன், பிறகு ஜெர்மனிக்கு வந்தேன். பதினோரு வருடம் ஆகிறது. இங்கே என் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. ஆபீஸில் 'வலி' என்று கூப்பிடுகிறார்கள். திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

வீட்டில் நானும் பன்னிரண்டு வயது மகள் யாழினியும்தான். அவளுடைய அப்பா இதே நகரத்தின் மறுகோடியில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். அது பற்றி எழுத ஒன்றுமில்லை.

2

என் வேலை என்ன என்று ஊரில் கேட்டால் கம்ப்யூட்டர் என்று சொல்லிவிடுவேன். உண்மையில் நான் செய்வது விளையாட்டு. அட்டைப் பெட்டியில் பழச்சாறு விற்கிற ஒரு கம்பெனி. அவர்களுக்கு விளம்பரம் வேண்டும். டிவியில் போட்டால் யாரும் பார்ப்பதில்லையாம். அதனால் போனில் ஒரு தோட்டம் போட்டுக் கொடு என்று எங்கள் சின்ன ஆபீஸிடம் வந்தார்கள்.

பெட்டியின் மூடிக்குள் ஒரு எண் இருக்கும். அதை விளையாட்டில் போட்டால் ஒரு விதை கிடைக்கும். நடவேண்டும், தினமும் வந்து தண்ணீர் ஊற்றவேண்டும். ஒரு நாள் வராவிட்டால் இலை தொங்கும். இரண்டு நாள் வராவிட்டால் செடி காய்ந்துவிடும், ஒரு அழுகிற முகம் வந்து 'நீ வரவில்லையே' என்று கேட்கும். ஒழுங்காக வளர்த்து அறுத்தால் அடுத்த பெட்டிக்குத் தள்ளுபடி. அறுத்த பிறகு செடி மறைந்துவிடும். மறுபடி நட மறுபடி பெட்டி வாங்கவேண்டும். இங்கே ஐப்பசி முடிந்தால் வெளியே புல்கூட வளராது, நாலரை மணிக்கு இருட்டிவிடும். ஜனங்கள் ஜன்னலை மூடிக்கொண்டு போனில் தக்காளி வளர்ப்பார்கள் என்பது கணக்கு. வளர்த்தார்கள். ஆயிரக்கணக்கில் வளர்த்தார்கள்.

செடி எப்படி வளரும், எப்போது வாடும், எப்போது சாகும் என்கிற பகுதி முழுவதும் நான் எழுதியது. எட்டு வருடம் மற்றவர்கள் எழுதியதில் பிழை பார்த்துக்கொண்டிருந்த எனக்கு முதல் சொந்த வேலை அது. என் முதலாளி ஸ்டெஃபான் பழச்சாறு கம்பெனிக்காரர்களிடம் என்னைக் காட்டி, "எங்கள் வலி இந்தியாவில் கரும்புப் பண்ணையில் வளர்ந்தவள்" என்றார். அவர்கள் கைதட்டினார்கள். என் படத்தையும் அந்த வரியையும் விளையாட்டின் முகப்பில் போட்டார்கள். எங்கள் அப்பா வைத்திருந்தது இரண்டு ஏக்கர். பாதி நெல், பாதி கரும்பு. அதைப் பண்ணை என்று சொன்னால் திருவாலங்காட்டில் சிரிப்பார்கள். நான் மறுக்கவில்லை. நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

3

எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். தணிகைக்கு உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான். நிலத்தை அவன் பார்க்கிறான். கரும்பு போட்டு மில்லுக்கு அனுப்புகிறான்.

போன வருடம் ஐப்பசியில் அவனுக்குக் கல்யாணம். பெண் ஆந்திராவில் நகரி பக்கம், பெயர் சந்தியா. திருத்தணியில் மலையடிவாரத்தில் மண்டபம் எடுத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை தாலியில் ஒரு முடிச்சுதான் போடுவான். மற்ற இரண்டும் அவனுடைய அக்காவோ தங்கையோ பின்னால் நின்று போடவேண்டும். நாத்தனார் முடிச்சு. அது என் வேலை. அவன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அம்மா சொல்லுவாள், "இவனுக்கு நீ போடற முடிச்சு அவுறவே கூடாது, இழுத்துக் கட்டுடி" என்று.

நான் போகவில்லை.

ஊருக்கு நான் சொன்ன காரணம், வதிவிட அட்டை புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன், இந்த நேரத்தில் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி உள்ளே விடமாட்டார்கள் என்பது. இங்கே நம்மைப் போன்றவர்கள் அந்த அட்டையை வைத்துத்தான் மூச்சு விடுகிறோம். புதுப்பிக்க முதலில் சந்திப்பு நேரம் வாங்கவேண்டும். அதற்கு டெர்மீன் என்று பெயர். டெர்மீன் வாங்க இணையத்தில் போய்க் காத்திருக்கவேண்டும். சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், காப்பீட்டுக் கடிதம், பிள்ளையின் பள்ளிச் சான்று என்று ஒரு கட்டுக் காகிதம். ஊரில் எல்லோரும் நம்பினார்கள். பெரியப்பா மகள் மல்லிகா என் இடத்தில் நின்று இரண்டு முடிச்சும் போட்டாள். யாரோ ஒரு பையன் வீடியோவில் காட்டினான். தாலி கட்டும் நேரத்தில் போனைச் சாய்த்துவிட்டான், எனக்குத் தெரிந்தது மண்டபத்து மின்விசிறி. மேளச் சத்தம் மட்டும் கேட்டது.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். கல்யாணம் வெள்ளிக்கிழமை. அந்த வாரம் திங்கட்கிழமையே அட்டை கொடுக்கிற அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. அட்டை தயாராகும்வரை இதை வைத்துக்கொண்டு போய்வரலாம் என்று அதில் தெளிவாக இருந்தது. டிக்கெட்டும் இருந்தது. பார்த்தேன். விளையாட்டு வெளியாகும் நாள் வியாழக்கிழமை. நான் ஸ்டெஃபானிடம் கேட்டேன். போகாதே என்று அவர் சொல்லவில்லை. "நீயே முடிவு செய்" என்றார். இங்கே அப்படித்தான் சொல்வார்கள். முடிவு நம் தலையில் இருக்கும்.

வேலை போனால் அட்டையும் போகும் என்று பயந்தேன் என்று எழுதலாம். பயம் இருந்தது. ஆனால் அதற்காக நிற்கவில்லை. வெளியாகும் அன்று நான் அந்த அறையில் இருக்கவேண்டும் என்று ஆசை. எல்லோரும் கைதட்டும்போது நானும் அங்கே இருக்கவேண்டும். அதற்காகத்தான் நின்றேன். கைதட்டினார்கள். கேக் வெட்டினார்கள்.

தணிகை அதற்குப் பிறகு என் போனை எடுக்கவில்லை. நான் வராததற்குக் கோபம் என்றுதான் நினைத்தேன். காகிதத்தின் மேல் பழி போட்டுவிட்டதால் அவனிடம் முழுதாக மன்னிப்பும் கேட்க முடியவில்லை. வாரம் ஒருமுறை சந்தியாதான் பேசுவாள். நேரில் நான் பார்த்தே இராத அந்தப் பெண், தெலுங்கு வழக்கப்படி நாத்தனாரான என்னை வதினா என்று கூப்பிடுவாள்.

"வதினா, சாப்ட்டீங்களா?"

"ஆங். அவன் எங்க?"

"மோட்டார் போட்னு வர்றேன்னு போனாரு வதினா."

எப்போது கேட்டாலும் மோட்டார் போடத்தான் போயிருப்பான். அந்தப் பக்கம் அவன் செருமுவது எனக்குக் கேட்கும்.

4

இந்த வருடம் பழச்சாறு கம்பெனி கரும்புச்சாறு கலந்து ஒரு புது பானம் கொண்டுவருகிறது. அதனால் விளையாட்டில் கரும்பு சேர்க்கவேண்டும். நான்தான் சேர்த்தேன். ஒரு நாளுக்குப் பத்து நாள் வளர்ச்சி, முப்பத்தைந்து நாளில் வெட்டு. தண்ணீர் விதி எல்லாச் செடிக்கும் ஒன்றுதான், தக்காளிக்கு எழுதியதே போதும் என்று அப்படியே விட்டேன். கரும்புக் கழனி வரப்பில் நடந்து பள்ளிக்கூடம் போனவள், ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

வெளியிடுவதற்கு முன் தெரிந்தவர்களிடம் கொடுத்து விளையாடச் சொல்வது வழக்கம். எனக்கு இந்த ஊரில் தெரிந்தவர்கள் என்று யார் இருக்கிறார்கள்? மகளிடம் கேட்டேன். "அம்மா, அது சின்னப் பசங்களுக்கு" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். சந்தியாவுக்கு, ஒரு கரும்பு விதை எண்ணோடு, அனுப்பினேன். தம்பி கல்யாணம் நடந்து சரியாக ஒரு வருடம் ஆன அன்று, வாழ்த்தோடு சேர்த்து அனுப்பினேன். அவனுக்கும் ஒரு வாழ்த்து அனுப்பினேன். பார்த்தான் என்று காட்டியது. பதில் இல்லை.

யார் எப்போது உள்ளே வந்தார்கள், என்ன செய்தார்கள் என்பது எனக்கு மட்டும் பட்டியலாகத் தெரியும். இரண்டு நாள் கழித்து சந்தியாவின் கணக்கில் தோட்டத்தின் பெயர் மாறியது. 'கெணத்து கழனி' என்று தமிழில். எங்கள் நிலத்தில் கிணற்றை ஒட்டிய துண்டுக்கு எங்கள் வீட்டில் அதுதான் பெயர். நகரியிலிருந்து வந்த பெண் அப்படிப் பெயர் வைக்கமாட்டாள். விளையாடுவது தணிகை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலை கிடைத்தது. காலையில் ட்ராமில் நின்றுகொண்டே பட்டியலைத் திறந்து பார்ப்பேன். ஊரில் அப்போது பதினொன்றரை மணி இருக்கும். அவன் கழனியிலிருந்து வந்து கஞ்சி குடித்திருப்பான். கெணத்து கழனி, தண்ணீர், சரி. மறுநாளும் தண்ணீர், சரி. இவ்வளவுதான் தெரியும். ஒரு வார்த்தை கிடையாது. இருந்தாலும் அவன் உயிரோடு இருக்கிறான், என் வேலையைத் தொடுகிறான் என்று இருந்தது. ஆபீஸில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதையும் முகப்பில் போடுவார்கள்.

முப்பத்து மூன்றாவது நாள்வரை ஒரு நாள் தவறவில்லை. முப்பத்து நான்காம் நாள் அவன் வரவில்லை. முப்பத்தைந்தாம் நாளும் காலையில் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று சந்தியாவுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை.

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் என் போன் அடித்தது. தணிகை என்று பெயர் வந்தது. கையில் இருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன்.

5

"அக்கா. இந்த கேம யாரு எழுதுனது?"

ஒரு வருடத்துக்குப் பிறகு அவன் சொன்ன முதல் வார்த்தை இது. பின்னால் சந்தியா "மெதுவா பேசுங்க, மெதுவா" என்பது கேட்டது.

"நான்தான்டா."

"நீதானா? நீ கரும்ப கண்ணால பாத்தது இல்லியா? இப்ப வெட்டலாம்னு தொறந்தா மொத்தமும் காஞ்சி கெடக்குது. ஒரு மூஞ்சி வந்து அழுவுது. இன்னா இது?"

"ரெண்டு நாள் தண்ணி ஊத்தலியே நீ."

"வெட்டுக்கு முன்னாடி எவனாவது தண்ணி கட்டுவானா? ஒரு நாளுக்கு பத்து நாள்னு நீதான வெச்சிகினு இருக்க. ரெண்டு நாள்னா இருபது நாள். இருபது நாள் காயப் போட்டாதான கரும்புல சக்கர ஏறும்! ஈரத்துல வெட்டி அனுப்புனா மில்லுக்காரன் மூஞ்சிலயே அடிப்பான். வண்டியும் கழனில எறங்காது. அப்பா கரும்புல காஞ்ச சோகைய உரிச்சிகினே எத்தினி வாட்டி சொல்லிகீறாரு. உன் காதுல விழலியா?"

சாப்பாட்டு அறையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே வராந்தாவுக்கு வந்தேன்.

"அப்புறம் இன்னொண்ணு. வெட்டுனா கட்டை எங்க போவுது? கட்டைலேர்ந்து மறுதாம்பு மொளைச்சி வராதா? புதுசா டப்பா வாங்குனாதான் நடலாம்னு போட்டுகினு கீது."

"அது வந்து... தினமும் ஜனங்க தொறக்கணும், பெட்டி வாங்கணும். அதுக்குத்தான்டா இது. செடிக்காக இல்ல."

"அப்ப செடிய காட்டி ஆள வளக்கறீங்க."

"ஆமா."

"த்தூ" என்றான். பிறகு சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. "நல்ல பொழப்புக்கா உன்னுது. படத்துல வேற நிக்கற, கரும்புப் பண்ணைன்னு இங்கிலீஷ்ல கீதுன்னு சந்தியா படிச்சி சொன்னா. ஊரெல்லாம் காட்டிட்டேன், நம்ம பண்ணைய. எங்க தேடறதுன்னு கேக்கறானுங்க."

நானும் சிரித்தேன். அப்படியே விட்டிருக்கலாம். அவன்தான் கேட்டான்.

"எவ்ளோ நாளா இத எழுதிகினு இருக்க?"

"ரெண்டு வருஷம் ஆவப் போவுது."

"அப்ப என் கல்யாணத்தப்பவும் இதானா?"

"ஆமாம்" என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். எனக்குப் பொய்யைத் தூக்கிக்கொண்டு அலைந்து அலுத்துவிட்டது. அதோடு அவன் சிரித்துவிட்டானே என்று ஒரு தைரியம். சொல்லிவிட்டேன். கடிதம் திங்கட்கிழமையே வந்தது, டிக்கெட் இருந்தது, வியாழக்கிழமை இது வெளியாச்சு, அதற்காக நின்றேன். பேப்பர் ஒரு காரணமே இல்லை.

அந்தப் பக்கம் ட்ராக்டர் ஒன்று போகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இதுக்கா?" என்றான்.

"தணிகை..."

"கரும்பு எப்டி வளரும்னு தெரியாத இந்த கேமுக்கா நீ வரல? பேப்பரு வரலன்னு நான் எல்லார் கிட்டயும் சண்ட போட்டேன்கா. மல்லிகா மாமியாரு, 'அவளுக்கு வர மனசில்ல'ன்னு சொன்னப்போ மண்டபத்துலயே கத்தினேன். எங்க அக்கா பேப்பருக்காக அங்க அழுதுகினு கீதுன்னு."

போனை வைத்துவிட்டான்.

அப்போது எனக்கு ஒரு கேள்வி வந்தது. பேப்பர்தான் என்று நம்பினவன் ஏன் ஒரு வருடம் பேசவில்லை? மறுநாள் சந்தியா சொன்னாள். "கோவம் இல்ல வதினா. உங்க கிட்ட பேசுனா அழுதுடுவேன்னு சொல்லுவாரு. ஆம்பள அழக்கூடாதாமே. இப்பதான் கோவம் வந்துகீது." இதையும் கேட்கவேண்டியிருந்தது எனக்கு.

போன் வந்த அன்று சாயங்காலம் யாழினி கேட்டாள், மத்தியானம் யாரோடு பேசிக்கொண்டிருந்தாய், பள்ளியிலிருந்து கூப்பிட்டபோது லைன் கிடைக்கவே இல்லை என்று. ஜெர்மனில்தான்.

"மாமாவோட."

"எந்த மாமா?"

எனக்கு ஒரே தம்பி. அவளுக்கு ஒரே மாமா. என் கோபத்தை அவள் மேல் காட்டவில்லை. யார் எந்த மாமா என்று நான் அவளுக்குச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

6

மறுநாள் ஸ்டெஃபானிடம் போனேன். கரும்புக்கு மட்டும் விதியை மாற்றவேண்டும், கடைசி இரண்டு நாள் தண்ணீர் ஊற்றாவிட்டால் சாகக்கூடாது, இனிப்பு ஏறவேண்டும் என்றேன்.

"அதாவது கடைசி இரண்டு நாள் ஜனங்கள் வராமல் இருந்தால் பரிசு" என்றார்.

"கரும்பு அப்படித்தான்."

"வலி, கரும்பு அப்படியா என்பது கேள்வி இல்லை. ஆள் திரும்பி வருகிறாரா என்பதுதான் கேள்வி."

"அப்படியானால் என் படம் எதற்கு அங்கே? கரும்புப் பண்ணையில் வளர்ந்தவள் என்று எதற்குப் போட்டீர்கள்?"

"அது நல்ல கதை" என்றார். கெட்ட மனிதர் இல்லை. நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார்.

என் படத்தை எடுத்துவிடுங்கள் என்றேன். கோபத்தில் என் ஜெர்மன் குளறியது, வினைச்சொல்லை எங்கேயோ வைத்துவிட்டேன். அவருக்குப் புரிந்தது. படத்தை எடுத்துவிட்டார்கள். கரும்பு இன்னும் தினமும் தண்ணீர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

நான் பட்டியலைத் திறந்து பார்ப்பதை நிறுத்தவில்லை. காலை ட்ராமில் பார்ப்பேன். கெணத்து கழனியில் காய்ந்த கரும்பு அப்படியே நின்றது. ஒருவரும் வரவில்லை. என்னால் உள்ளே போய் அதைப் பச்சையாக்க முடியும், ஒரு வரி எழுதினால் போதும். செய்யவில்லை.

பதினோராம் நாள் அவன் போன் செய்தான். குரலில் ஒன்றுமில்லை, பஞ்சாயத்து ஆபீஸில் தகவல் சொல்வது போலச் சொன்னான்.

"மில்லுலேர்ந்து வெட்டு ஆர்டரு வந்துடுச்சி. தை மாசம் ஆளுங்க எறங்கறாங்க. அதே மாசம் சந்தியாவுக்கு வளகாப்பு. ஏழாவது மாசம்."

எனக்கு அதுவரை தெரியாது. ஏழாவது மாதம் வரப்போகிறது, எனக்குத் தெரியாது. அவள் வாரா வாரம் என்னோடு பேசியவள். அவன்தான் சொல்லக்கூடாது என்று வைத்திருந்தானோ, நான்தான் கேட்கவில்லையோ.

"நான் வர்றேன்டா. எந்த தேதின்னு சொல்லு. மொத வளையல் நாத்தனாதான..."

"அது மல்லிகா போடறா."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"முடிச்சி போட்டவதான் வளையலும் போடணும்னு சந்தியா வூட்ல சொல்லிட்டாங்க. நானும் ஆங்னு சொல்லிட்டேன். அத மாத்த மாட்டேன்." பிறகு, "நீ வர்றதுன்னா வா. வந்து சாப்டு போ. பேப்பரு கீப்பருன்னு சொல்லாத."

"சரி."

"இன்னா சரி? வர்றியா இல்லியா?"

"வர்றேன்."

"ஆங்" என்றான். வைத்துவிட்டான்.

தேதியைச் சந்தியா அனுப்பினாள். புது பானம் வெளியாவதும் அதே வாரம்தான். ஸ்டெஃபானிடம் இந்தத் தடவை கேட்கவில்லை, சொன்னேன். முகம் சுளித்தார், "அந்த வாரமா?" என்றார். அந்த வாரம்தான் என்றேன். யாழினிக்குப் பள்ளி இருக்கிறது, இங்கே பள்ளி நாளில் பிள்ளையை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போக விடமாட்டார்கள். அவள் அப்பா வீட்டில் இருப்பாள். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. எனக்கு இருக்கிறது.

தனியாகத்தான் போகிறேன். சென்னையில் இறங்கி, திருத்தணி ரயிலில் ஏறி. வளையல் அடுக்கும்போது நான் எங்கே நிற்கவேண்டும் என்று தெரியவில்லை. சுமங்கலிகளைக் கூப்பிடுவார்கள், என்னைக் கூப்பிடமாட்டார்கள். அக்கம்பக்கத்தில் யாராவது, பேப்பர் வந்துடுச்சா என்று கேட்பார்கள். போன வருடமே வந்துவிட்டது என்று சொல்வேன். பிறகு பந்தியில் இடம் பார்த்து உட்கார்ந்து, போடுகிறதைச் சாப்பிட்டுவிட்டு, இலையை மூடிவிட்டு எழுந்திருப்பேன்.